பொட்டாசியம் ரிப்போர்ட்டும் நின்ற இதயமும்: நாம் செய்யும் தவறுகள்

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் பார்க்கப் போகிறவர் கையில் இளநீரோ ஒரு சீப்பு செவ்வாழையோ இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குச் சரி. டயாலிசிஸ் செய்பவருக்கு அதுவே வினை. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டும், 6.5ஐத் தாண்டினால் துடிப்பு தாறுமாறாகி இதயமே நின்றுபோகலாம். பிரஷருக்கு நல்லது என்று வாங்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கும்.

குறைந்தாலும் ஆபத்துதான். நீர் பிரிய ஃபுரோஸிமைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியத்தோடு மெக்னீசியமும் போகும். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். கால் வீக்கம் வற்றிவிட்டதே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் பெரியப்பாவுக்கு இதயம் நின்று, மறுபடி துடிக்கவைத்தபின் வந்த முதல் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6க்கு மேல். ‘இனி அவ்வளவுதான்’ என்று வராந்தாவில் அழுகை தொடங்கிவிட்டது. நானும்தான் அழுதேன். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து முடிவுகட்டக் கூடாது. ரத்த ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் கிடைக்காத செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசியும். ஓட்டம் திரும்பியதும் அது செல்களுக்குள் போகத் தொடங்கும், சிலருக்கு அளவுக்கும் கீழே இறங்கிவிடும். எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலும் எண் பொய்யாகக் கூடும். அதனால்தான் மறுபடி மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். ‘இத்தனை தடவை எதற்கு?’ என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

‘கால்சியம் ஊசி போட்டீங்களா?’ என்று நச்சரிப்பதும் வேண்டாம். பொட்டாசியம் கூடி நின்ற இதயத்துக்கு அது உதவும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்துப் பார்த்த டென்மார்க் ஆய்வில் பலன் தெரியவில்லை. கெடுதலாகலாம் என்ற ஐயத்தில் முன்கூட்டியே நிறுத்தி, 2021இல் முடிவை வெளியிட்டார்கள்.

பெரியப்பாவைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, ‘விழுந்து எத்தனை நிமிஷத்தில் நெஞ்சை அமுக்கினீங்க?’ என்றுதான். நாங்கள் முதலில் செய்தது முகத்தில் தண்ணீர் தெளித்தது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து, ஒருவரை 108க்குப் போன் போடச் சொல்லிவிட்டு, நடுநெஞ்சில் இரு கையையும் வைத்து 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அமுக்கினான். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை.