கார்பனைல் தொகுதி: இனங்காண்பதும் பெயரிடுவதும்

கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருந்தால் அது கார்பனைல். அந்தக் கார்பனின் மற்ற இரண்டு பிணைப்புகளைப் பாருங்கள். இரண்டிலும் கார்பன் என்றால் கீட்டோன். ஒன்றில் கார்பன், மற்றதில் ஹைட்ரஜன் என்றால் ஆல்டிஹைடு (மெத்தனேலில் மட்டும் இரண்டுமே ஹைட்ரஜன்). ஹைட்ராக்சில் (OH) இணைந்திருந்தால் கார்பாக்சிலிக் அமிலம். அதைக் கீட்டோன், ஆல்கஹால் என்று துண்டாகப் பிரித்துப் படிக்கக் கூடாது.

பெயரில்தான் சிக்கல் அதிகம். ஆல்டிஹைடுக்கு 'ஏல்' விகுதி. அதன் கார்பனே எண் 1 என்பதால் எண் எழுத வேண்டாம். கீட்டோனுக்கு 'ஓன்', கார்பனைலுக்குச் சிறிய எண் கிடைக்கும் முனையிலிருந்து எண்ணுங்கள். பென்டன்-2-ஓன் சரி, பென்டன்-4-ஓன் தவறு. அதே மூலக்கூறில் அமிலமும் இருந்தால் விகுதி அமிலத்துக்கே. கீட்டோன் 'ஆக்சோ' என்ற முன்னொட்டாகிவிடும்: 4-ஆக்சோபென்டனாயிக் அமிலம். வளையத்தில் நேரடியாக இணைந்த ஆல்டிஹைடுக்கு 'ஏல்' பொருந்தாது, ஏனெனில் அதன் கார்பன் வளையத்தைச் சேர்ந்ததல்ல. சைக்ளோஹெக்சேன்கார்பால்டிஹைடு என்றே எழுத வேண்டும்.

ஆய்வகத்தில் 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் கரைசல் மஞ்சள் முதல் சிவப்பு வரையிலான வீழ்படிவு தந்தால் ஆல்டிஹைடோ கீட்டோனோ இருக்கிறது. வீழ்படிவு வராததால் கார்பனைலே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். எஸ்டரிலும் (கார்பனைல் கார்பனில் OR இணைந்தது) அமைடிலும் (நைட்ரஜன் இணைந்தது) கார்பனைல் உண்டு, ஆனால் அவை பொதுவாக இச்சோதனைக்கு மசியாது.