டிராக்டரை ஐடிலில் விட்டால் கெடுதலா? என் அனுபவம்

டிரெய்லரில் லோடு ஏறி முடியும்வரை எங்கள் டிராக்டர் ஐடிலிலேயே, அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடியபடி, நிற்கும். நாளடைவில் சைலன்சர் இணைப்பில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு கசிவு. விரலில் ஒட்டியது, டீசல் வாடை அடித்தது. பிஸ்டன் ரிங் (பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே அடைக்கும் வளையம்) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்கணும் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை.

ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ரிங் தேய்ந்தால் ஆயில் குறையும். இங்கே மட்டம் ஏறியிருந்தது! அப்படியென்றால் ஆயிலில் டீசல் கலக்கிறது. லோடு இல்லாமல் மெதுவாக ஓடும்போது சிலிண்டர் சரியாகச் சூடேறாது. முழுசாக எரியாத டீசலில் கொஞ்சம் சைலன்சர் வழியே போகும், கொஞ்சம் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். (டீசலை அனுப்பும் ஃபீட் பம்ப், அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் மட்டம் ஏறும், அவற்றையும் பார்த்தேன், நன்றாகவே இருந்தன.)

இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தது. இன்ஜின் சூடேறாததற்கு அதுவும் ஒரு காரணம். அதை மாற்றி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, கலப்பையைப் பூட்டி நல்ல லோடில் உழுதேன். முதலில் புகை அடர்த்தியாக வந்தது, அப்புறம் தெளிந்தது. கசிவும் நின்றது.

சில நிமிட ஐடிலால் ஒன்றும் ஆகாது. டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) உள்ள இன்ஜினைக் கடும் வேலைக்குப் பிறகு 2-3 நிமிடம் ஐடிலில் ஆறவிட்டுத்தான் நிறுத்த வேண்டும், அதில் அவசரமே கூடாது. மணிக்கணக்கில் நிற்பதுதான் கெடுதல். இப்போது லோடு ஏறத் தாமதமானால் இன்ஜினை நிறுத்திவிடுகிறோம்.