நீரோட்டம் மாறியபோது ஆடிய வெப்பநிலை: ஃபீட்ஃபார்வர்டு சேர்த்த அனுபவம்

நீராவியால் நீரைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றி ஒன்றில், நீரோட்டம் கூடும்போதெல்லாம் வெளியேறும் நீரின் வெப்பநிலை சரிந்து, பின்னர் மிகையாக ஏறி, வெகு நேரம் ஆடிக்கொண்டிருந்தது. வெப்பநிலையின் பிழையைப் பார்த்து நீராவியைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கட்டுப்பாட்டியின் கெயினை (பிழைக்கு அது காட்டும் எதிர்வினையின் வலிமையை) உயர்த்தினால் ஆட்டம் வலுத்தது; குறைத்தால் மீட்சி மந்தமானது. பிழை தோன்றிய பிறகே செயல்படும் கட்டுப்பாட்டிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நீரோட்டமானி ஏற்கெனவே இருந்ததால், தேவையான நீராவியை முன்கூட்டியே கணக்கிட முடிந்தது; இப்படிப் பிழை தோன்றும் முன்பே செயல்படுவதுதான் ஃபீட்ஃபார்வர்டு. நீரின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 4.2 கிலோஜூல், நீராவியின் உள்ளுறை வெப்பம் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2,100 கிலோஜூல். எனவே 10 கிலோ நீரை 50 டிகிரி உயர்த்த, வெப்ப இழப்பைத் தவிர்த்துப் பார்த்தால், 1 கிலோ நீராவி போதும். இந்தக் கணக்கின் விடையை வால்வுக்கு நேரடியாக அனுப்பாமல், நீராவி ஓட்டக் கட்டுப்பாட்டியின் செட்பாயிண்டாக, அதாவது அது எட்ட வேண்டிய இலக்காக, கொடுத்தேன். அப்போதுதான் நீராவி அழுத்தம் மாறினாலும் கணக்கு கெடாது. பிஐடியை நீக்கவில்லை, கணக்கில் அடங்காத வெப்ப இழப்பையும் மானியின் பிழையையும் திருத்தும் சிறிய பொறுப்பை மட்டும் அதற்கு விட்டேன்.

பிஐடி தானாகத் திருத்தாதபடி அதை மேனுவலில் வைத்து நீரோட்டத்தைச் சிறிது மாற்றி, வெப்பநிலை இறுதியில் பழைய இடத்துக்கே திரும்பும்வரை ஃபீட்ஃபார்வர்டு கெயினை (கணக்கின் விடையைப் பெருக்கும் எண்ணை) சரிசெய்தேன். அதன்பின்னும் தொடக்கத்தில் ஒரு சிறு சரிவு எஞ்சியது. நீரோட்டத்தின் விளைவு விரைவாகவும் நீராவியின் விளைவு தாமதமாகவும் வந்ததே காரணம். லேக் நேரத்தைவிட லீட் நேரம் அதிகமாக உள்ள லீட்-லேக் தொகுதியை, அதாவது மாற்றத்தை முதலில் மிகைப்படுத்திப் பிறகு மெல்ல உரிய அளவுக்குக் கொண்டுவரும் கணக்கீட்டை, சேர்த்ததும் அச்சரிவு பெரும்பாலும் மறைந்தது. நீரோட்டமானியின் இரைச்சலை லீட் பெருக்கிவிடும் என்பதால், அதற்கு முன்னே ஒரு வடிகட்டியும் தேவைப்பட்டது.