குல்மார்க் கயிற்றைத் தாண்டுமுன்: பனிச்சரிவு விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் கார் ஏறினால் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில், அஃபர்வட் மலைமேல் கொண்டுபோய் விடும். அங்கே பனிச்சறுக்குத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ரோந்துக் குழுவின் கண்காணிப்பு எல்லைக் கயிறு வரைதான். அதைத் தாண்டிய சரிவுகளில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், மறு ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள்.

வானம் வெளுத்துவிட்டது என்று நம்பிக் கிளம்புவதுதான் நான் முதலில் சொல்ல விரும்பும் தவறு. பனி கொட்டி ஓய்ந்த முதல் வெயில் நாள் அழகாக இருக்கும், ஆபத்தும் அன்றைக்குத்தான் அதிகம். ஒரே நாளில் 30 செ.மீ. புதுப்பனி விழுந்தாலே எச்சரிக்கை வேண்டும். போதாக்குறைக்கு, காற்று முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் பனியை வாரிக் குவித்து, கெட்டியான பலகைபோல் ஆக்கிவிடுகிறது.

அந்தப் பலகை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் போவது இன்னும் பெரிய தவறு. குளிர்காலத் தொடக்கத்தில் விழும் பனி மெல்லியது. அதன் அடியில் தரை ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் இருக்கும். மேலே, மேகமில்லாத இரவுகளில் கடுங்குளிர். இடையில் நீராவி மேலேறி, பனித்துகள்களைப் பட்டைதீட்டிய மணிகளாக மாற்றிவிடும். சவலால் (பனி அள்ளும் மண்வாரியால்) குழி வெட்டிப் பாருங்கள்: மேல் அடுக்கு கட்டியாக வரும், அடி அடுக்கோ அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் உதிரும். உருண்டை பிடிக்கவே வராது. அதன்மேல் இருக்கும் பலகை உடைந்து சரிய ஓர் ஆளின் எடை போதும். காலடியில் 'தொம்' என்று சத்தம் கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிடுங்கள். சத்தம் போட்டால் சரியும் என்பது கட்டுக்கதை. உயிர்ப்பலி வாங்கிய பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பியது சிக்கியவரோ அவருடைய குழுவில் ஒருவரோதான்.

முன்னால் போனவரின் தடம் எந்த உத்தரவாதமும் தராது. பலகை மெலிந்திருக்கும் இடத்தைப் பத்தாவது ஆள் மிதிக்கலாம். சாய்வை அளந்து பாருங்கள், 30 முதல் 45 டிகிரிதான் கொல்லும் சரிவு. அதன் அடிவாரத்துச் சமதளத்தில் நின்று சாப்பிடுவதும் தவறுதான்.

பனிச்சரிவு ஆபத்து எச்சரிக்கையின் ஐந்து படிகளில் மூன்றாவது என்றால் 'நடுத்தரம்தானே' என்கிறார்கள். அந்த மூன்றாம் படியில் ஏராளமானோர் செத்திருக்கிறார்கள்.

புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட துழாவுகோல், சவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். புதைந்தவர் மூச்சுத் திணறாமல் தப்ப முதல் 10, 15 நிமிடங்கள்தான் நல்ல வாய்ப்பு; வெளியிலிருந்து உதவி வர அது போதாது. துழாவுகோல் புதைந்தவர்மேல் தட்டுப்பட்டதும் பலர் அதை உருவிவிடுகிறார்கள். அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கமிருந்து அதை நோக்கித் தோண்டுங்கள். முகம் தெரிந்ததும் முதலில் வாயிலும் மூக்கிலும் அடைத்த பனியை எடுங்கள்.