பிளஸ் டூவுக்குப் பிறகு: உங்களுக்கு ஏற்ற பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான அன்றே, எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும் என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. மாணவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதற்கும் முந்தையது: இந்தப் படிப்பில் சேர்ந்தால் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் நாள்தோறும் எதைப் படிக்கப் போகிறேன், அதை முடித்தபின் நாள்தோறும் என்ன வேலை செய்யப் போகிறேன்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் எடுக்கும் முடிவு, பெரும்பாலும் பக்கத்து வீட்டு அண்ணனோ அத்தை மகளோ எடுத்த முடிவின் நகலாகவே அமைந்துவிடுகிறது.

முதல் விடையைத் தேடப் பணமோ ஆலோசகரோ தேவையில்லை. பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் தங்கள் பாடத்திட்டத்தை இணையதளத்தில் வெளியிடுகின்றன. நீங்கள் நினைத்திருக்கும் படிப்பின் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, முதல் இரண்டு பருவங்களை (செமஸ்டர்) விட்டுவிட்டு, மூன்றாம் பருவத்திலிருந்து ஐந்தாம் பருவம் வரையுள்ள தாள்களைப் படியுங்கள். முதல் ஆண்டில் மொழிப்பாடங்களும் அடிப்படைத் தாள்களும் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்வதால், துறையின் உண்மை முகம் அதற்குப் பிறகே தெரியும். மனிதர்களுடன் பேசப் பிடிக்கும் என்பதற்காக உளவியலைத் தேர்ந்தெடுப்பவர், அதில் புள்ளியியலும் ஆய்வு முறையியலும் இருப்பதையும், மருத்துவ உளவியலாளராகப் பணிபுரியச் சாதாரண இளங்கலைப் பட்டம் மட்டும் போதாது என்பதையும் சேர்வதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். பொருளியலைச் செய்தித்தாள் படிப்பதன் நீட்சியாக எண்ணுபவர், அதில் கணிதம் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு நூலகத்தில் அந்தத் துறையின் பாடநூல் ஒன்றை எடுத்து, ஓர் அலகையாவது பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கடினமாக இருந்தால் கவலை வேண்டாம். கடினமாக இருந்தும் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறதா என்பதையே கவனியுங்கள்.

படிப்பின் பெயரை மட்டும் நம்பிச் சேர்வது ஆபத்தானது. பி.காம். (சி.ஏ.) என்றால் கணினிப் பயன்பாட்டுடன் கூடிய வணிகவியல், அதே சுருக்கப் பெயரில் சி.ஏ. என்றே அழைக்கப்படும் பட்டயக் கணக்காளர் (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பட்டயக் கணக்காளர் ஆவதற்கு இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் நடத்தும் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் ஆகிய தேர்வுகளையும், இப்போதைய விதிப்படி ஆடிட்டரிடம் வேலை பழகும் இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். ஃபவுண்டேஷனை பிளஸ் டூ முடித்தவுடன் எழுதலாம். வணிகவியல் பட்டதாரியாக 55 விழுக்காடு பெற்றவர் நேராக இன்டர்மீடியட்டுக்கே போகலாம். இதை முன்கூட்டியே அறிந்த மாணவர் கல்லூரியையும் வகுப்பு நேரத்தையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க முடியும்.

தொழில் இலக்கை வகுப்பதற்கு நான் பரிந்துரைப்பது, போக விரும்பும் பணியிலிருந்து பின்னோக்கி வருவதே. பணியின் கல்வித் தகுதியை அதன் வேலைவாய்ப்பு அறிவிப்பிலேயே படித்து, அதற்கு எந்தப் பட்டம், எந்தத் தேர்வு, எந்த வயது என்று எழுதிக்கொள்ளுங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வும் குடிமைப் பணித் தேர்வும் பொதுவாக ஏதேனும் ஒரு பட்டத்தையே கேட்கின்றன. ஆகவே அவற்றுக்காக ஒருவர் பிடிக்காத பாடத்தைச் சுமக்க வேண்டியதில்லை. ஆசிரியப் பணியோ அப்படியன்று. பள்ளியில் கற்பிக்கப்படும் பாடத்திலேயே பட்டம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொருளியலோ வணிகவியலோ படித்தவர் பி.எட். சேர முதுகலையும் முடித்திருக்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: புதுப் பெயர்களில் வரும் சில பட்டங்களை, வழக்கமான பட்டத்துக்கு இணையானவை அல்ல என்று தமிழக அரசு அரசாணை வழியாக அறிவித்திருக்கிறது. அரசுப் பணியை மனத்தில் வைத்திருப்பவர், சேரும் பட்டத்தின் இணைத்தன்மையைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே கட்டணம் செலுத்த வேண்டும்.

பொறியியலை விரும்புபவர்களுக்குக் கலந்தாய்வு தனி ஒரு கட்டம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை அமைகிறது; கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்தி நீங்கள் தரும் விருப்பப் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் முறை வரும்போது காலியாக உள்ள முதல் இடம் உங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் கைக்கு எட்டுவதும் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஒதுக்கீடு நடக்கும் முறையைப் பார்த்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. உண்மையில் எந்த வரிசையில் விரும்புகிறீர்களோ அந்த வரிசையிலேயே எழுதுங்கள். ஆனால், முந்தைய ஆண்டுகளில் அந்தந்த இடம் எந்தக் கட்-ஆஃப் வரை கிடைத்தது என்று பார்த்து, உங்கள் மதிப்பெண்ணுக்கு நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய இடங்களும் பட்டியலின் கீழ்ப்பகுதியில் போதிய அளவு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை முன்னதாகவே பெற்றுவிடுங்கள். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குவதற்காகத் தொடங்கப்பட்டவை. இவற்றைப் பற்றிக் கல்லூரியில் சேரும் நாளிலேயே கேளுங்கள்.

சேர்ந்தபின் இலக்கை ஆண்டுவாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் பாடத்தில் உறுதியாக நிற்பதும், ஆங்கிலத்தில் தயக்கமின்றி எழுதப் பழகுவதும் போதும். இரண்டாம் ஆண்டு விடுமுறையில், சம்பளம் இல்லாவிட்டாலும், அந்தத் துறையில் வேலை நடக்கும் இடத்தில் சில வாரங்களாவது இருந்து பாருங்கள்: ஆடிட்டர் அலுவலகமோ, ஆய்வுக்கூடமோ, பத்திரிகை அலுவலகமோ, எதுவானாலும் சரி. இறுதி ஆண்டு தொடங்கும்போது, மேற்படிப்பா வேலையா என்ற முடிவு அந்த அனுபவத்தின் மேல் நிற்க வேண்டும்.

சேர்ந்த பாடம் பொருந்தவில்லை என்று முதல் பருவத்திலேயே தோன்றினால், துறைத்தலைவரிடம் பேசுங்கள். இடம் காலியாக இருந்தால், சேர்க்கை முடிவதற்குள் பாடம் மாற்றிக்கொள்ளச் சில கல்லூரிகள் அனுமதிக்கின்றன. அந்தக் காலம் கடந்துவிட்டாலும், பட்டத்தை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்தவருக்கு மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, எம்.பி.ஏ., சமூகப் பணி, நூலக அறிவியல் எனப் பாடப் பின்னணியைப் பொதுவாகக் கட்டாயமாக்காத வழிகள் பல திறந்திருக்கின்றன. அவற்றில் எதற்கு நுழைவுத் தேர்வு உண்டு, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதை இறுதி ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.