பழைய ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கும் முன் ரீகாலையும் உரிமையாளர் புகார்களையும் சரிபார்ப்பது எப்படி?

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நம்மில் பலரும் ஆசையோடு தேடும் கார்களில் ஒன்று, 2007 முதல் 2010 வரையிலான மாடல்களில் வந்த பிஎம்டபிள்யூ 335ஐ செடான். மூன்று லிட்டர் கொள்ளளவு, வரிசையாக ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள், 300 குதிரைத்திறன் என்று அன்றைக்கு அது பெரிய பெயர் எடுத்த கார். இன்று சிறிய புதிய கார் ஒன்றின் விலையில் பாதிகூடக் கொடுக்காமல் அதை வாங்கிவிடலாம். ஆனால் இவ்வளவு வயதான காரை, அதன் ரீகால் வரலாற்றைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இணையத்தில் ஒரே ஒரு தேடல் செய்து, "ரீகால் எதுவும் பாக்கி இல்லை" என்ற வரியைப் பார்த்ததும் நிம்மதியடைந்துவிடுகிறவர்கள் அதிகம் என்பதாலேயே இந்தச் செய்முறையைச் சற்று விரிவாக எழுதுகிறேன். 2008 மாடல் 335ஐ செடானை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வேறு காருக்கும் வழி இதுவேதான்.

முதலில் ஒரு விளக்கம். காரின் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருப்பதாகத் தயாரிப்பு நிறுவனமோ அரசோ முடிவு செய்தால், நிறுவனம் உரிமையாளர்களுக்குத் தெரிவித்து அதை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். இதுவே ரீகால். இதைக் கண்காணிப்பது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், சுருக்கமாக என்எச்டிஎஸ்ஏ.

படி 1: வின் எண்ணைக் காரிலிருந்தே எடுங்கள்

நம் ஊரில் சேசிஸ் நம்பர் என்று சொல்வதைத்தான் இங்கே வின் என்கிறார்கள். அது 17 இடங்கள் கொண்டது. ஓட்டுநர் பக்கம் காருக்கு வெளியே நின்று, முன் கண்ணாடியின் கீழ் மூலை வழியாக டேஷ்போர்டைப் பார்த்தால் சிறிய தகட்டில் அது தெரியும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் வில்லையிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் குறுஞ்செய்தியில் அனுப்பும் எண்ணை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். நண்பர் ஒருவருக்காக நான் சரிபார்த்தபோது, அவருக்கு வந்த எண்ணில் 8 இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தான 'பி' இருந்தது. தேடல் வேலை செய்யவில்லை. காருக்கு அருகில் சென்று, தூசி படிந்து மங்கியிருந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தகட்டைப் பார்த்த பிறகுதான் சரியான எண் கிடைத்தது. வின் எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்பதாவது இடம், மற்ற இடங்கள் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று கணக்கிட்டுப் பார்ப்பதற்கான சோதனை எண். பத்தாவது இடம் மாடல் ஆண்டைக் காட்டும்: 8 என்றால் 2008, 9 என்றால் 2009, ஆங்கில 'ஏ' என்றால் 2010. ஜெர்மனியிலிருந்து வந்த இந்த செடான்களின் வின் எண், டபிள்யூ, பி, ஏ என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும்.

படி 2: வின் எண்ணைக் கொண்டு தேடுங்கள்

என்எச்டிஎஸ்ஏ இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் 17 இடங்களையும் உள்ளிட்டால், அந்தக் குறிப்பிட்ட காரில் இன்னும் சரிசெய்யப்படாத ரீகால்கள் மட்டும் வரும். இந்த வசதி 2014 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. பணம் கட்ட வேண்டியதில்லை, பதிவும் தேவையில்லை. வந்த முடிவை அன்றைய தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 3: தேடல் காட்டாததைத் தேடுங்கள்

பெரும்பாலானோர் நிறுத்திவிடும் இடம் இது. உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

வின் தேடல், பொதுவாக 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய ரீகால்களைக் காட்டாது. நிறுவனம் தானாக முன்வந்து கூடுதல் காலத்துக்குத் தகவல் தந்தால் மட்டுமே காட்டும். 335ஐ காரின் மிக முக்கியமான ரீகால் ஒன்று 2010 அக்டோபரில் வந்தது. பெட்ரோலை உயர் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் செலுத்த உதவும் பம்ப் பழுதாவதால், ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்றினால்தான் இன்ஜின் கிளம்புவதும், எச்சரிக்கை விளக்கு எரிவதும், ஓடும்போதே இழுவை குறைந்துபோவதும் நேர்ந்தன. 2007 முதல் 2010 வரையிலான 335ஐ உட்பட அமெரிக்காவில் சுமார் 1,30,000 கார்கள் அதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. 2025 அக்டோபரோடு அதற்கு 15 ஆண்டுகள் முடிந்துவிட்டன. எனவே அந்தப் பம்ப் பார்க்கப்படாத கார் ஒன்றுக்கும் "பாக்கி இல்லை" என்ற பதில் வர வாய்ப்பு இருக்கிறது.

ஆகவே அதே இணையதளத்தில் ஆண்டு, நிறுவனம், மாடல் ஆகியவற்றைக் கொடுத்து இன்னொரு தேடல் செய்யுங்கள். இது குறிப்பிட்ட ஒரு காரைப் பற்றியதாக இல்லாமல், அந்த மாடலுக்கு இதுவரை வந்த எல்லா ரீகால்களையும் காட்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் ரீகால் அறிவிக்கப்பட்ட ஆண்டைக் குறிக்கும். பம்ப் தவிர நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

2013-இல் பேட்டரியின் நேர்மின் கேபிள் இணைப்புக்காக, 335ஐ அடங்கிய 3 சீரிஸ் வரிசையில் 2007 முதல் 2011 வரையிலான செடான்கள் உட்பட 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அழைக்கப்பட்டன. அந்த இணைப்பு கெட்டால் காரில் மின்சாரமே இல்லாமல் போய், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நின்றுவிடலாம். 2017 நவம்பரில், ஏசி மற்றும் ஹீட்டர் காற்றை உள்ளே தள்ளும் ப்ளோயரின் வயர்களும் இணைப்புகளும் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதற்காக 2006 முதல் 2011 வரையிலான சுமார் 6.7 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. மூன்றாவது, டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக். அதில் வாயுவை உண்டாக்கும் அமோனியம் நைட்ரேட், பல ஆண்டுகள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்து சிதைந்துவிட்டால், விபத்தின்போது அதைத் தாங்கியிருக்கும் உலோகக் கூடு வெடித்துத் துண்டுகளாக முகத்திலும் கழுத்திலும் பாயும். அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இதனால் இறந்திருக்கிறார்கள். புளோரிடாவிலோ மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய மாநிலங்களிலோ ஓடிய கார் என்றால் இதை முதலில் பாருங்கள். ஏர்பேக் ரீகால் பாக்கியிருக்கும் காரைச் சோதனை ஓட்டத்துக்குக்கூட எடுக்காதீர்கள். விற்பவரே டீலரிடம் கொண்டுபோய் மாற்றிவரட்டும்.

படி 4: டீலரின் சர்வீஸ் பிரிவைத் தொலைபேசியில் அழையுங்கள்

பிஎம்டபிள்யூ டீலர் எவராக இருந்தாலும், வின் எண்ணைச் சொன்னால் அந்தக் காரில் எந்தெந்த ரீகால் வேலைகள் முடிந்தன, எவை முடியவில்லை என்பதைத் தங்கள் கணினியில் பார்த்துச் சொல்ல முடியும். மேலே சொன்ன நான்கையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் பொதுவான பதிலே வரும்.

இலவசம் குறித்து ஒரு குழப்பம் உண்டு. முதல் உரிமையாளர் காரை வாங்கி 15 ஆண்டுகளுக்குள் ரீகால் அறிவிப்பு வந்திருந்தால் நிறுவனம் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்பதே கூட்டாட்சிச் சட்டம். அறிவிப்பு வந்த நாளைத்தான் கணக்கில் எடுப்பார்கள், நீங்கள் காரைக் கொண்டுபோகும் நாளை அல்ல. 2008-இல் விற்ற காருக்கு 2017-இல் வந்த ரீகால் இன்றும் இலவசம்தான். நீங்கள் மூன்றாவது உரிமையாளரா, ஐந்தாவது உரிமையாளரா என்பதும் பொருட்டல்ல.

நீட்டிக்கப்பட்ட வாரண்டி இதிலிருந்து வேறுபட்டது. உயர் அழுத்த பம்ப்புக்கு நிறுவனம் 10 ஆண்டுகள் அல்லது 1,20,000 மைல் வரை வாரண்டியை நீட்டித்திருந்தது. 2008 காருக்கு அது 2018-லேயே முடிந்துவிட்டது. "அந்தப் பம்ப்புக்கு வாரண்டி உண்டு" என்று விற்பவர் சொன்னால், எந்தத் தேதி வரை என்று கேளுங்கள்.

படி 5: புகார்களைப் படியுங்கள்

மாடல் தேடலின் அதே பக்கத்தில் உரிமையாளர்கள் அளித்த புகார்களும் இருக்கும். இவை அரசு சரிபார்த்துச் சான்றளித்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒருவர் தம் அனுபவத்தைத் தம் சொற்களில் எழுதியது. எனவே எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்; அதிகம் விற்ற காருக்கு அதிகம் புகார் வருவது இயல்பு.

ஒவ்வொரு புகாரிலும் சம்பவத் தேதியைப் பாருங்கள். பம்ப் பற்றிய புகார் 2010 அக்டோபருக்கு முந்தையது என்றால், அதை ரீகாலுக்கு இட்டுச்சென்ற கதையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். ரீகால் வேலை முடிந்த பிறகும் அதே கோளாறு திரும்பியதாக ஒருவர் எழுதியிருந்தால், அந்த ஒரு புகாருக்கு முந்தைய இருபதைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன். அடுத்து, எந்த வேகத்தில், எப்படிப்பட்ட சாலையில், எந்த முன்னறிவிப்போடு கோளாறு வந்தது என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் இன்ஜின் சட்டென்று வலுவிழந்தது என்பதும், கதவு கைப்பிடியின் பூச்சு உரிந்தது என்பதும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும்.

மாடலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2011-ஆம் ஆண்டு 335ஐ செடானில் இன்ஜினே மாறிவிட்டது. இரட்டை டர்போ கொண்ட என்54 போய், ஒற்றை டர்போ கொண்ட என்55 வந்தது. அந்த ஆண்டின் இன்ஜின் புகார்கள் உங்கள் 2008 காருக்குப் பொருந்தாது.

படி 6: படித்ததைக் காரில் தேடுங்கள்

ரீகால் ஆகாமலே உரிமையாளர்களை வாட்டும் கோளாறுகள் இந்தக் காரில் உண்டு: இன்ஜினைக் குளிர்விக்கும், மின்சாரத்தால் இயங்கும் வாட்டர் பம்ப், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், ஆயில் ஃபில்டர் பகுதியின் கேஸ்கெட் கசிவு, டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் கடகடப்பு. இவற்றை உங்கள் செலவில்தான் சரிசெய்ய வேண்டும்.

காலையில் முதல் ஆளாகச் செல்லுங்கள். முன்கூட்டியே காரைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். சென்றதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் சரி; வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். இரவெல்லாம் நின்ற இன்ஜின் கிளம்ப எத்தனை விநாடி எடுக்கிறது என்பதைத்தான் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கிளம்பிய பிறகு பானெட்டைத் திறந்து, ஆயில் தீயும் வாடை வருகிறதா என்று பாருங்கள். ப்ளோயரை எல்லா வேகத்திலும் ஓடவிட்டுப் பாருங்கள். பழைய இன்வாய்ஸ்களைக் கேட்டு வாங்கி, வாட்டர் பம்ப் எப்போது, எத்தனை மைலில் மாற்றப்பட்டது என்று தேடுங்கள். அந்தப் பம்ப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லாமல் நின்றுவிடும். இன்ஜின் சூடேறி, வழியிலேயே காரை நிறுத்த வேண்டியிருக்கும்.

படி 7: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

புதிய காரை ரீகால் பாக்கியோடு விற்கக் கூடாது. 35 கார்களுக்கு மேல் வைத்திருக்கும் வாடகை நிறுவனங்களுக்கும் 2016 முதல் அப்படிப்பட்ட காரை வாடகைக்கு விடத் தடை உண்டு. ஆனால் பழைய காரை விற்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. டீலர் ஜன்னலில் ஒட்டியிருக்கும் வாங்குவோர் வழிகாட்டித் தாளும் ரீகாலைச் சரிபார்க்கும் வேலையை உங்களிடமே விடுகிறது. எனவே பாக்கி வேலையை முடித்த ரசீதைக் கையில் வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.

வாங்கியதும், உரிமையாளர் மாறிய விவரத்தையும் உங்கள் முகவரியையும் தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அடுத்த ரீகால் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போய்ச் சேரக் கூடாது. ஆண்டுக்கு இருமுறையாவது வின் தேடலைத் திரும்பச் செய்யுங்கள். பாதுகாப்பைப் பாதிக்கும் கோளாறு உங்களுக்கே நேர்ந்தால், தேதி, மைல், வேகம், எரிந்த விளக்கு, மெக்கானிக் சொன்னது ஆகியவற்றை அன்றே எழுதி என்எச்டிஎஸ்ஏ தளத்தில் பதியுங்கள். அதை நாளை இன்னொருவர் இதே காரை வாங்கும் முன் படிப்பார்.