இணையவழி மனநல ஆலோசனை: முதன்முறை செல்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கோவையிலோ ஈரோட்டிலோ மனநல மருத்துவமனை வாசலில் கால் வைப்பதற்குள், "என்ன அம்மிணி, இந்தப் பக்கம்?" என்று கேட்கும் சொந்தக்காரர் ஒருவராவது எதிர்ப்பட்டுவிடுவார் என்ற அச்சமே நம் கொங்குப் பகுதியில் பலரைச் சிகிச்சையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அந்த அச்சத்தை மீறியவர்களும் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு நின்றுவிடுகிறார்கள். தாளவாடியிலிருந்து இறங்கி வருபவர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அரை நாள் போனால் அரை நாள் கூலி போய்விடும். காலையும் மாலையும் பால் கறக்க வேண்டிய பெண்ணால் தோட்டத்தை விட்டு வெகுதூரம் போக முடியாது. பேச்சு வழியான சிகிச்சையோ வாரந்தோறும் தொடர்ந்து சென்றால்தான் பலன் தரும். ஆகவே, இணையவழி ஆலோசனையின் தலையாய நன்மை அது தொடர்ச்சியைக் காப்பாற்றித் தருவதுதான் என்பது என் உறுதியான கருத்து. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) காணொளி வழியாகப் பெறுபவர்கள், நேரில் பெறுபவர்களுக்கு ஏறக்குறைய இணையான முன்னேற்றம் அடைவதை ஆய்வுகளும் காட்டுகின்றன.

படி 1: உங்களுக்கு இது பொருந்துமா என்று பாருங்கள்

தூக்கமின்மை, ஓயாத கவலை, துக்கம், குடும்பப் பிணக்கு, தேர்வு பயம், வேலை அழுத்தம் ஆகியவற்றுக்கு இணையவழி ஆலோசனை நன்கு பொருந்தும். ஆனால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்திருந்தாலோ, யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்டாலோ, பல நாள் உறங்காமல் நிலைகொள்ளாது இருந்தாலோ, வாரம் ஒருமுறை நடக்கும் காணொளி அழைப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு நேரில் செல்லுங்கள், அவசரம் என்றால் 108-ஐ அழையுங்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். டெலி மனஸ் என்னும் இந்த அரசுச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கப்பட்டது. எந்நேரமும் தமிழில் பேசலாம். சாதாரண பட்டன் செல்போனே போதும்.

படி 2: யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று உறுதி செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகக் கவனம் வேண்டியது இதுவே. விளம்பரத்தையும் பின்தொடர்வோர் எண்ணிக்கையையும் நம்பி மனத்தைத் திறக்க வேண்டாம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தரக்கூடியவர். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, இணையத்தில் பார்க்கும் மருத்துவரும் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் குறிப்பிட வேண்டும். சிலவகை மருந்துகளை இணையவழியில் எழுதித் தரவும் முடியாது. மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சுவழிச் சிகிச்சையே அவருடைய பணி. அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (Rehabilitation Council of India) பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவைக் குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலைப் பட்டம் பெற்ற ஆலோசகர்களிலும் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எங்கே பயிற்சி பெற்றார்கள், எந்தவகைப் பிரச்சினைகளைக் கையாள்கிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. நல்ல ஆலோசகர் தயங்காமல் பதில் சொல்வார்.

தமிழில், அதுவும் உங்கள் வீட்டுத் தமிழில், பேச முடிகிறதா என்பதையும் பாருங்கள். இணையம் தரும் இன்னொரு நன்மை, கோவையோடு நின்றுவிடாமல் மதுரையிலோ சென்னையிலோ இருப்பவரையும் தேர்ந்தெடுக்க முடிவதுதான். உங்கள் குடும்பத்தையும் கூட்டாளிகளையும் அறியாத ஒருவரிடம் பேசுவது பலருக்கு எளிதாக இருக்கிறது.

படி 3: பேசுவதற்கு ஓரிடம் தேடுங்கள்

நான்கு பேர் இருக்கும் வீட்டில் தனியறை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தோட்டத்துச் சாளை, மொட்டை மாடி, மரநிழலில் நிறுத்திய கார் என எதுவாயினும், 50 நிமிடம் யாரும் குறுக்கிடாத இடமாக இருந்தால் போதும். விசைத்தறி ஓடும் வீடாக இருந்தால், தறி நிற்கும் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இயர்போன் கட்டாயம் வேண்டும். ஆலோசகரின் குரல் வெளியே கேட்காது என்ற உறுதி கிடைத்தால்தான் உங்கள் குரலும் தடையின்றி வரும். வீட்டில் இருப்பவரைப் பற்றியே பேச வேண்டியிருந்தால், அவர் திடீரென்று வந்துவிட்டால் பேச்சை மாற்றுவதற்கு ஒரு சொல்லை ஆலோசகரோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கருவியைத் தயார் செய்யுங்கள்

செல்போனை முழுவதும் சார்ஜ் ஏற்றி, கண்ணுக்கு நேராகச் சாய்த்து வையுங்கள். மலையடிவாரக் கிராமங்களில் சிக்னல் அறுபடுவதுண்டு என்பதால், காணொளி நின்றால் சாதாரண அழைப்பில் தொடர்வது என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

படி 5: முதல் அமர்வு

முதல் அமர்வில் பெரும்பாலும் கேள்விகளே இருக்கும். உங்கள் பெயர், நீங்கள் இப்போது இருக்கும் இடம், ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவற்றை ஆலோசகர் கேட்பார். தொலைவில் இருப்பவர் உங்களைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்பதால் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு: கட்டணம் எவ்வளவு, அமர்வைப் பதிவு செய்கிறீர்களா, குறிப்புகளை யார் பார்ப்பார்கள்? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கு அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே அதற்கு விலக்கு.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டியதில்லை. அழுகை வந்தால் அழலாம், பேச்சு வராவிட்டால் சற்று நேரம் சும்மா இருக்கலாம். அமர்வு முடிந்த உடனே அடுப்படிக்கோ ஷிப்டுக்கோ ஓடாமல், பத்து நிமிடம் தனியே நடந்துவிட்டு வாருங்கள்; நேரில் செல்பவர்களுக்குத் திரும்பி வரும் பேருந்துப் பயணத்தில் கிடைக்கும் அந்த இடைவெளியை, வீட்டிலிருந்து பேசுபவர் தாமாகவே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படி 6: தொடர்ந்து செல்லுங்கள், இடையில் மதிப்பிடுங்கள்

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகு தூக்கம், பசி, வேலையில் கவனம் இவற்றில் மாற்றம் தெரிகிறதா என்று ஆலோசகரோடு சேர்ந்து பாருங்கள். தெரியாவிட்டால் அதை அவரிடமே சொல்லலாம். அவர் முறையை மாற்றுவார், அல்லது மனநல மருத்துவரை நேரில் பார்க்கச் சொல்வார். வேறொருவரிடம் மாற விரும்பினால், இதுவரை நடந்த சிகிச்சையின் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லும் வலி அதனால் பெருமளவு குறையும்.